ஆயிரம் கப், ஒரு சிங்க்

எங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில், வேலை செய்யாத பழைய பிரிண்டருக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. சோளத்தில் செய்தது என்று சொல்லி விற்ற கப்புகள், எழுநூறுக்கு மேல், அதற்குள் கிடக்கின்றன. வாங்கியது நான். காசும் என்னுடையது. அந்தப் பெட்டியைத் தாண்டிப் போகும்போது இப்போதும் வயிற்றைப் பிசையும். நம்மில் நிறையப் பேர் ஆபீஸ்களில் அட்மின், எச்.ஆர். வேலையில் இருக்கிறோம். 'இனிமேல் இங்கே பிளாஸ்டிக் கூடாது, நீயே பார்த்துக்கொள்' என்ற உத்தரவு எங்கே கிளம்பினாலும் கடைசியில் நம் மேசைக்குத்தான் வந்து சேரும். எனக்கு வந்தபோது சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் இருப்பது மலேசியாவில், பினாங்கு, பாயான் லெப்பாஸ். மாடியில் ஆபீஸ், கீழே ஸ்டோர், ஆக மொத்தம் 58 பேர் வேலை செய்கிற கம்பெனி. 2023 செப்டம்பரில் எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு படிவம் அனுப்பினார். பாதுகாப்பு, ஓவர்டைம் என்று வழக்கமான கேள்விகள், அவற்றோடு அந்த வருஷம் புதிதாக ஒரு பக்கம்: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைக் குறைக்க என்ன செய்கிறீர்கள்? 2030-க்குள் இதை ஒழிப்பதாக 2018-லேயே நம் அரசு ஒரு வழித்திட்டம் வெளியிட்டிருக்கிறது, அதையும் அந்தப் பக்கத்தில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பாஸ் அந்தத் தாளை மட்டும் உருவி என்னிடம் நீட்டினார். பேன்ட்ரி உன் பொறுப்புதானே, ஆறு மாதத்தில் எதையாவது காட்டு என்றார். செலவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். 'முதலில் வாங்கு, அப்புறம் கிளேம் செய்துகொள்.' அந்த ஒரு வரியை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

எனக்கு உள்ளூரத் தெம்புதான். பினாங்குக்காரர்களுக்கு இது புதிதா என்ன? 2009-ல் திங்கட்கிழமைகளில் கடையில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்த மாநிலம். 2011 முதல் எல்லா நாளும் கிடையாது, வேண்டுமானால் 20 சென் கொடு என்றார்கள். கார் பூட்டில் நாலு துணிப்பை இல்லாத வீடு எங்கள் தாமானில் இல்லை. மறந்துபோனால் வெங்காயத்தையும் முட்டைத் தட்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு காருக்கு ஓடுவோமே தவிர, பைக்குக் காசு கொடுக்க மனசு வராது. ஆபீசும் இப்படித்தான் வழிக்கு வரும் என்று நினைத்தேன். ஆனால் கடையில் பை கேட்பவரும் காசு கொடுப்பவரும் ஒரே ஆள். ஆபீசில் வாங்குவது ஒருவர், குடிப்பது இன்னொருவர், அள்ளிப் போடுவது மூன்றாவது ஆள். இது மண்டையில் ஏற எனக்கு ஏழெட்டு மாதமும் 680 வெள்ளியும் (ரிங்கிட்) ஆனது.

ஒன்றை மட்டும் முதலிலேயே உருப்படியாகச் செய்தேன். எதையும் வாங்குவதற்கு முன், அக்டோபரில் ஒரு வாரம் குப்பைத் தொட்டியை எண்ணினேன். தராசில் வைத்தால் மிஞ்சிய சோறும் ஐஸ் தண்ணீரும்தான் எடை காட்டும், ஸ்ட்ராவும் குழம்புப் பையும் முள்ளை அசைக்கக்கூட மாட்டா. அதனால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதுதான். மாலையில் தரையில் செய்தித்தாளை விரித்து, கையுறை போட்டுக்கொண்டு, நானும் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவும் உட்கார்ந்தோம். முதல் நாள் வாடைக்கு எனக்குக் குமட்டியது. அக்கா சிரித்தார், அவருக்கு அது தினமும் உள்ள வாடை. ஒரே ஓர் ஆள் தாப்பாவ் செய்த, அதாவது கடையில் கட்டி வாங்கிவந்த, நாசி கண்டார் சோற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தோம். சோற்றைச் சுற்றிய பழுப்புத்தாள், பெயருக்குத்தான் தாள், உள்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு. கூடுதல் குழம்புக்கு ஒரு சின்னப் பை. ஐஸ் தேநீருக்கு ஒரு பை, அதன் காதைக் கட்டிய இளஞ்சிவப்பு ராஃபியா கயிறு, உள்ளே ஒரு ஸ்ட்ரா. பிளாஸ்டிக் கரண்டி ஒன்று, அதற்குத் தனி உறை. எல்லாவற்றையும் போட்டுத் தூக்கி வர ஒரு பை. பத்து நிமிஷச் சாப்பாட்டுக்கு எட்டு உருப்படி.

ஐந்து நாள் முடிந்தபோது என் நோட்டில் இருந்தவை: பானப் பை 212, ஸ்ட்ரா 240-க்கு மேல், குழம்புப் பை 163, தூக்குப்பை 131, மினரல் வாட்டர் போத்தல் 96. இப்படி எண்ணப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். நோட்டில் இரண்டு பத்தி போட்டு, கம்பெனி காசில் வாங்கியது ஒரு பக்கம், ஆட்கள் வெளியிலிருந்து கொண்டுவந்தது ஒரு பக்கம் என்று பிரித்து எழுதுங்கள். முதல் பத்தியை ஒரு கையெழுத்தில் நிறுத்திவிடலாம். இரண்டாவது பத்தி மனிதர்களின் பழக்கம், அதற்கு நாள் பிடிக்கும். நானும் பிரித்துத்தான் எழுதினேன். எழுதிவிட்டு அதற்கு நேர்மாறாக நடந்துகொண்டேன். சுலபமான போத்தலை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று கப்பில் கையை வைத்தேன்.

தீபாவளி வந்ததும் ஒரு காரணம். அந்த வருஷம் நவம்பர் 12-ல் தீபாவளி, 17-ம் தேதி வெள்ளிக்கிழமை ஆபீசில் ஓப்பன் ஹவுஸ். இணையத்தில் தேடினேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று சோளக் கப், '100 விழுக்காடு மக்கும்', பச்சை இலை படம் வேறு. ஒன்று 42 சென், ஆயிரம் எடுத்தால்தான் அந்த விலை. 420 வெள்ளியை என் கார்டில் தேய்த்தேன். முந்தின நாளே பேன்ட்ரியில் இருந்த காகிதக் கப்பை எல்லாம் கீழே ஸ்டோருக்குக் கொடுத்துவிட்டேன், இனி நமக்கு எதற்கு என்று. மறுநாள் தோசை, சட்னி, முறுக்கு, பெரிய பாத்திரம் நிறைய சுடச்சுட தே தாரிக். முதல் கப்பை ஸ்டோர் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். அவர் இரண்டு எட்டு வைப்பதற்குள் கப்பின் இடுப்பு உள்ளே ஒடுங்கியது, வட்டமாக இருந்த வாய் முட்டை மாதிரி கோணியது, தே அவர் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் ஓடியது. நல்ல மனிதர், கத்தவில்லை. கையில் சிவந்து போயிருந்தது. நான் அதற்குள் இன்னும் ஆறு கப்பில் ஊற்றி வைத்திருந்தேன். அவை மேசையில் ஒவ்வொன்றாக, யாரும் தொடாமலேயே, உட்கார ஆரம்பித்தன. ஐஸ் பந்துங் கலக்கச் சொல்லிச் சமாளித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கப் பி.எல்.ஏ. என்ற பொருள். ஏறக்குறைய 60 டிகிரி சூட்டிலேயே இளகிவிடும், ஐஸ் தண்ணீருக்கு மட்டுமே லாயக்கு. நம் தே தாரிக் எவ்வளவு இழுத்து ஆற்றினாலும் அதைவிடச் சூடாகத்தான் கைக்கு வரும். அதைவிட மோசமான செய்தி, அது மக்குவதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டும். தொழில்முறை உரக்கூடத்தில் 58, 60 டிகிரியில் வாரக்கணக்காக வைத்தால்தான் மக்கும். எங்கள் தீவின் குப்பை பத்து மாவுங் இடைமாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து அக்கரையில் நிபோங் திபால் பக்கம் இருக்கும் புலாவ் பூரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்துகொண்டிருந்ததே, அதே இடம். அது உரக்கூடம் இல்லை. அங்கே போய்ச் சேர்ந்தால் சோளக் கப்பும் சாதாரண கப்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும். ஆகவே, மக்கும் பொருள் என்று யாராவது விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு சூடு தாங்கும்? ஈஎன் 13432 அல்லது ஏஎஸ்டிஎம் டி 6400 தரச்சான்று இருக்கிறதா? எங்கே கொண்டுபோய் மக்க வைப்பது? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் முதல் இரண்டுக்கும் எவ்வளவு நல்ல பதில் வந்தாலும் பிரயோஜனம் இல்லை. அப்படியும் வாங்குவதானால் பத்தே பத்து கப் வரவழைத்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காகிதக் கப்புக்கு மாறலாமே என்பார்கள். தண்ணீர் ஊறாமல் இருக்க அதன் உள்பக்கமும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுதான்.

சூடு பட்டும் புத்தி வரவில்லை. டிசம்பரில் மறுபடி ஷாப்பிங். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பி.பி. டப்பா 40, ஒன்று 9.50 வெள்ளி. எவர்சில்வர் கரண்டியும் முள்கரண்டியும் 60 ஜோடி, ஜோடி 3 வெள்ளி. எல்லாம் பேன்ட்ரி அலமாரியில் அடுக்கி, மதியம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம், கழுவித் திருப்பி வைத்தால் போதும் என்று அறிவித்தேன். இரண்டாவது வாரம் கணக்குப் பிரிவில் இருக்கும் மலாய்க்காரப் பெண்மணி ஒருவர், 'காக்' என்றுதான் கூப்பிடுவோம், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தப்பாக நினைக்காதே என்று ஆரம்பித்தார். இந்த டப்பாவில் நேற்று யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாதே, அதனால்தான் நாங்கள் யாரும் எடுப்பதில்லை என்றார். முந்தின நாள்தான் சீன நண்பர் ஒருவர் அதில் சார் சியூ சோறு, அதாவது பன்றி இறைச்சி வைத்தது, வாங்கி வந்திருந்தார். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அப்புறம் விசாரித்தால், நம் ஆட்களில் மாட்டிறைச்சி தொடாதவர்கள், சுத்த சைவக்காரர்கள், சீனர்களில் பௌத்த சைவம் சாப்பிடும் ஒரு அண்ட்டி என்று யாருமே அந்த அலமாரிப் பக்கம் போகவில்லை. என் அம்மா வெள்ளிக்கிழமைச் சட்டியை மீன் இருக்கும் பக்கமே கொண்டுபோக விடமாட்டார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கே இது தோன்றவில்லை. மூன்று இனமும் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பொது டப்பா என்பது நடக்காத காரியம். கொடுப்பதானால் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி, அவரவர் மேசையில் இருக்கட்டும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜும் அப்படியே. பொது ஸ்பான்ஜ் ஒன்றை வைத்துவிட்டு ஏன் யாரும் கழுவவில்லை என்று நான் புலம்பியது எவ்வளவு அபத்தம் என்று இப்போது புரிகிறது.

கிறிஸ்துமஸ் நேரத்தில் எண்ணினேன். 40 டப்பாவில் 23 இருந்தது. மற்றவை கார் பின்சீட்டிலும் யார் யார் வீட்டுக் குளிர்பெட்டியிலும் செட்டிலாகிவிட்டன. அதோடு கிளேம் கதையும் முடிந்தது. மொத்தம் 980 வெள்ளிக்கு ரசீது கொடுத்தேன். ரசீது என் பெயரில் இருக்கிறது, விற்றவர் கம்பெனியின் பட்டியலில் இல்லை, பி.ஓ. (கம்பெனியின் கொள்முதல் ஆணை) இல்லை, ஆகவே சில்லறைச் செலவுக்கணக்கில் 300 வரைதான் தரமுடியும் என்று சொல்லிவிட்டார்கள். பாஸிடம் போய் நின்றால், நான் ஆயிரம் கப் வாங்கச் சொன்னேனா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்பதால் கோபம் இரட்டிப்பானது. எவ்வளவு சின்னத் தொகையானாலும் பி.ஓ. எண் கைக்கு வராமல் ஒரு கரண்டிகூட வாங்காதீர்கள். நம் ஆர்வத்தில் நம் கார்டைத் தேய்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தப்பு.

ஆனால் காசு போனதைவிட என்னை உறுத்தியது வேறு. டிசம்பர் கடைசியில் ஒரு நாள், வீட்டுக்குக் கிளம்பிப் பாதிவழியில் போன் சார்ஜரை மறந்தது நினைவு வந்து திரும்பி வந்தேன். மணி ஐந்தே முக்கால். பேன்ட்ரி விளக்கு எரிந்தது. அக்கா சிங்க் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிங்க் நிறைய மக், மேடையில் இன்னும் மக், குழம்பு காய்ந்து ஒட்டிய டப்பாக்கள், கரண்டிகள். அவர் வேலை ஐந்து மணியோடு முடிகிறது. என்ன அக்கா இன்னும் போகவில்லையா என்றேன். "அஞ்சு பத்து பஸ்ஸ விட்டுட்டேம்மா. அடுத்தது வர்றதுக்குள்ள இத முடிச்சிடலாம்னு பாக்குறேன்." எத்தனை நாளாக என்று கேட்டேன். "நீ பிளாஸ்டிக்கு வேணாம்னு சொன்னதுலேர்ந்துதான். முன்ன தூக்கிப் போடுவாங்க, நான் ஒரே கட்டா கட்டி எடுத்துட்டுப் போயிடுவேன். இப்ப எல்லாம் சிங்க்ல வந்து நிக்குது." குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தது. நான் அதே வாரம்தான் பேன்ட்ரிச் சுவரில் பிளாஸ்டிக் குறைந்ததற்குப் பச்சை அம்பு போட்டு ஒரு படம் ஒட்டியிருந்தேன். அந்தப் பச்சை அம்பு இந்தக் கையிலிருந்துதான் வந்திருக்கிறது. அவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள், ஓவர்டைமும் கிடையாது. நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.

மறுநாள் அந்தப் படத்தைக் கிழித்துவிட்டு, முதலில் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். எங்கள் பேன்ட்ரியில் ஒரே ஒரு சிங்க், ஒரே குட்டைக் குழாய். மக்கை அதன் அடியில் நேராகக்கூடப் பிடிக்க முடியாது. ஒன்றே முக்காலுக்கு எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வருவார்கள், இரண்டு மணிக்கு மீட்டிங். பத்துப் பேர் வரிசையில் நின்றால் எட்டாவது ஆள் சிங்க்கில் போட்டுவிட்டுப் போகத்தான் செய்வார், சோம்பேறித்தனம் பாதி, நேரமின்மை பாதி. இந்த முறை பி.ஓ. போட்டு, கழுத்து நீண்ட குழாய் ஒன்றும், தண்ணீர் வடியும் இரண்டடுக்கு ஸ்டாண்டும் வாங்கினோம், பொருத்தும் கூலியோடு 260 வெள்ளி. இந்த முயற்சி முழுவதிலும் உருப்படியாகச் செலவான காசு அதுதான். அக்காவிடம் மக்கைத் தொடவே கூடாது என்று சொன்னோம். மாலையில் சிங்க்கில் அனாதையாகக் கிடப்பதை நான் ஒரு நீலத் தொட்டியில் போட்டு மூடி வைப்பேன். கழுவமாட்டேன். மறுநாள் வந்து மூடியைத் திறந்து, முந்தின நாள் மைலோ வாடையோடு தன் மக்கைத் தேடி எடுக்க வேண்டும். இரண்டு மேனேஜர்களுக்கு அந்த அனுபவம் கிடைத்த பிறகு தொட்டி சீக்கிரம் காலியாகிவிட்டது. நீங்கள் எந்தத் திட்டம் போட்டாலும், கழுவப் போவது யார், எத்தனை மணிக்கு, எந்தக் குழாயில் என்று முதல் வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் அது அக்காவின் தலையில் போய் விழுகிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் வழிக்கு வந்துகொண்டிருந்தபோது 2024 ஜனவரி 10-ம் தேதி வந்தது. பினாங்கில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றும் வேலை, நாலு நாள் தண்ணீர் வெட்டு. முன்கூட்டியே அறிவித்ததுதான். வீட்டில் வாளி வாளியாகப் பிடித்து வைத்தேன், ஆபீஸ் சிங்க்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. பதினோராம் தேதி காலையிலேயே கீழே ஸ்டோருக்குக் கொடுத்த காகிதக் கப் மேலே வந்துவிட்டது, மினரல் வாட்டர் அட்டைப்பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலு நாள் பரவாயில்லை, அதற்குப் பிறகு திரும்பிவர ஐந்து வாரம் பிடித்தது. 25-ம் தேதி தைப்பூசம், பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு, யாருக்கும் மனசு வேலையில் இல்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் நடந்தபோது பந்தல்களுக்கு வெளியே கணுக்கால் உயரத்துக்குக் கப் கிடந்தது. நான் பையிலிருந்து சொந்தத் தம்ளரை எடுத்து நீட்டினேன். பந்தல் தம்பி மோரை விளிம்பு வரை ஊற்றிவிட்டு, "இன்னும் வேணுமாக்கா?" என்றான். தண்ணீர் வெட்டு நம் ஊரில் மறுபடியும் வரும். பேன்ட்ரியில் இரண்டு பெரிய தண்ணீர்க் கலன் இப்போது நிரந்தரமாக இருக்கிறது. அப்படியும் முடியாத நாளில் காகிதக் கப் எடுக்கலாம், ஆனால் அந்தப் பெட்டியின் மேல் 'இத்தனாம் தேதியோடு சரி' என்று மார்க்கரில் எழுதி வைத்துவிடுகிறேன்.

போத்தல் விஷயம் சுலபமாக முடிந்தது. ஒரு மீட்டிங் கலைந்ததும் மேசையில் இருந்த ஒன்பது போத்தல்களிலும் மிஞ்சிய தண்ணீரை ஒரு ஜக்கில் ஊற்றினேன், இரண்டு லிட்டருக்கு மேல் இருந்தது. ஜக்கை அப்படியே பாஸ் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மாதம் 12 பெட்டி, பெட்டி 13 வெள்ளி, 156. வடிகட்டி இயந்திரத்துக்கு வாடகை 85. அன்றே கையெழுத்துப் போட்டார். விருந்தாளிக்குக் கண்ணாடி டம்ளரில் கொடுப்பது மரியாதைக் குறைவோ என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போத்தலா கொடுக்கிறோம் என்றேன். வடிகட்டி மாற்ற வேண்டிய தேதியை இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டிவையுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கும் நினைவிருக்காது.

தாப்பாவ் கதைதான் நாள் பிடித்தது. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் போகும் நாசி கண்டார் கடை அண்ணனிடம் ஒரு சாயங்காலம், கூட்டம் இல்லாத நேரத்தில் போய், டப்பா கொண்டுவந்தால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். அண்ணன் ஒளிக்காமல் சொன்னார். "முகம் சுளிக்கல தங்கச்சி. பன்னெண்டே முக்காலுக்கு எனக்குப் பின்னால முப்பது பேரு. பொட்டலம்னா என் கை அளவு தெரியும். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு சைசுல டப்பா நீட்டுனா எவ்ளோ சோறு போடுறதுன்னு நான் நின்னு யோசிக்கணும். சில பேரு கழுவாத டப்பா கொண்டுவராங்க, அதுல போட்டு நாளைக்கு வயித்த வலிச்சா என் கடைப் பேருதான் கெடும்." வாய் அகலமான, ஒரே அளவு டப்பாவாக இருந்தால் போடுவேன் என்றார். அப்படித்தான் ஏற்பாடு செய்தோம். இருந்த 23-ஐயும் பெயர் எழுதி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டோம். வேண்டியவர்கள் பதினொன்றரைக்குள் டப்பாவை ஒரு கூடையில் வைத்து, என்ன வேண்டும் என்று மூடியில் ஒரு சீட்டு ஒட்டவேண்டும். முறை வைத்து ஒருவர் கூடையைக் கொண்டுபோய்க் கொடுத்து, பன்னிரண்டரைக்கு எடுத்து வருவார். வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பதற்காகவே பலர் சேர்ந்தார்கள், சுற்றுச்சூழலுக்காக ஒருவர்கூடச் சேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டப்பாவுக்கு 30 சென் குறைத்துக்கொள்கிறார். குழம்பு 'பஞ்ஜிர்', அதாவது சோறு மூழ்க, கேட்பவர்களுக்கு மட்டும் கூடையைச் சாய்க்காமல் தூக்கிவரும் ஆள் வேண்டும்.

இப்போது என் பெரிய அவமானத்துக்கு வருகிறேன். மார்ச் கடைசியில் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். மறுபடி ஒரு வாரம் எண்ணினேன். பானப் பை 212-லிருந்து 104. பாதிக்குக் கீழே! துள்ளாத குறை. பாஸ் அதை அப்படியே படிவத்தில் எழுதி வாடிக்கையாளருக்கு அனுப்பினார். எனக்கு மீட்டிங்கில் கைதட்டல் வேறு. அன்று மாலை அதே காக் என் மேசைக்கு வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாங்கள் 24 பேர் நோன்பில் இருக்கிறோம், உனக்குத் தெரியும்தானே என்றார். அந்த வருஷம் மார்ச் 12-லிருந்து நோன்பு. ஆபீசில் ஐந்தில் இரண்டு பேர் மதியம் தண்ணீர்கூடத் தொடாத மாதத்தில் எண்ணிவிட்டுச் சாதனை என்று எழுதியிருக்கிறேன். ஹரி ராயா முடிந்து மே மாதம் எண்ணியபோது 141 வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதுவும் மோசமில்லை, ஆனால் பாதி இல்லை. திருத்தக் கடிதம் எழுதினேன். வாடிக்கையாளர் தரப்பில் ஒன்றும் சொல்லவில்லை, பாஸ்தான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நோன்பு மாதம், பள்ளி விடுமுறை, பெருநாள் வாரம், இவற்றில் எண்ணாதீர்கள்.

அந்த மே மாதம்தான், கையில் தே கொட்டிக்கொண்ட ஸ்டோர் சூப்பர்வைசர் என்னைக் கீழே கூப்பிட்டார். நீ ஸ்ட்ரா எண்ணிக்கொண்டிரு, இதைப் பார் என்று ஒரு மூலையைக் காட்டினார். வந்து இறங்கும் ஒவ்வொரு பேலட்டையும் சுற்றியிருக்கும் மெல்லிய ஒட்டுப்படலத்தைக் கத்தியால் கிழித்துக் கிழித்துப் போட்டு மலையாகக் கிடந்தது. ஸ்டோர் தராசில் ஒரு வாரம் நிறுத்தோம், 38 கிலோ. மேலே பேன்ட்ரியில் நான் ஏழு மாதம் துரத்திய பையும் ஸ்ட்ராவும் போத்தலும் எல்லாம் சேர்த்து உதறிக் காயவைத்தால் வாரத்துக்கு 4 கிலோகூடத் தேறாது. எண்ணினால் ஒரு கணக்கு, நிறுத்தால் வேறு கணக்கு. நான் படியிறங்கிக் கீழே வந்து பார்க்கவே இல்லை. இந்தப் படலம் சுத்தமாக, காய்ந்து, லேபிளும் டேப்பும் இல்லாமல் இருந்தால் மறுசுழற்சிக்காரர்கள் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். குழம்பு பட்ட பையைச் சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார்கள். லேபிள் ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பெரிய சாக்கில் திணித்து வைக்கிறோம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை லோரி வருகிறது. எங்கள் கட்டடத்துக்குள்ளேயே நகர்த்தும் பேலட்டுகளுக்குப் படலம் சுற்றுவதை நிறுத்தி, ஒட்டிப் பிரிக்கும் பட்டை வாங்கியிருக்கிறோம். பி.ஓ. போட்டுத்தான்.

அக்கா இப்போது ஐந்து பத்து பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார். போன வருஷம் அந்தச் சோளக் கப்பில் ஐம்பது கேட்டு வாங்கிப்போனார், பிளாட் வராந்தாவில் மிளகாய் நாற்று விட. மக்கும் கப், அப்படியே மண்ணோடு நட்டுவிடலாம் என்று பெட்டியில் எழுதியிருந்ததை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். போன மாதம் நினைவு வந்து, கப்பெல்லாம் மக்கிப்போச்சா அக்கா என்று கேட்டேன்.

"செடி காய்ச்சு, ஓஞ்சு, புடுங்கியும் போட்டாச்சும்மா. கப்பு அப்படியே இருக்கு. கழுவி அடுக்கி வச்சிருக்கேன்."